தையல் கடைத் துண்டுத் துணியில் நவராத்திரி அலங்காரம்: முதன்முறை செய்பவர்களுக்கு

புரட்டாசியில் மகாளய அமாவாசை முடிந்த மறுநாளே நவராத்திரி தொடங்கிவிடும். கொலு வைக்கும் வீடுகளில் அதற்கு முந்தைய சில நாட்கள்தான் பரபரப்பு. பரணிலிருந்து பெட்டி இறங்கும், படி கட்டி முடிப்பார்கள், பொம்மைகளைத் துடைத்து வைப்பார்கள். கடைசி நிமிஷத்தில்தான் வாசலுக்கும் படிக்கும் எதையாவது தொங்கவிட வேண்டுமே என்ற நினைப்பு வரும். உடனே கடைக்குப் போய் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றும் ஜிகினாக் காகிதம் கொஞ்சமும் வாங்கி வருவார்கள். இரண்டு வருஷத்தில் இலை வெளுத்துவிடும், ஜிகினா உதிர்ந்துவிடும்.

அதைவிட அழகான அலங்காரத்துக்கு வேண்டிய துணி உங்கள் அலமாரியிலும் தெருமுனைத் தையல் கடையிலும் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து மூன்று பொருள்கள் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்: கொலுப்படி ஓரத்துக்கு முக்கோணத் தோரணம், வாசலுக்கு மாவிலைத் தோரணம், படியின் இரண்டு பக்கமும் தொங்கவிடச் சின்னத் தொம்பை, அதாவது தேரில் தொங்குகிற உருளை வடிவத் துணித் தொங்கல். ஊசியில் நூல் கோத்து ஓட்டுத் தையல் போடத் தெரிந்தால் போதும், மற்றத் தையல்களை அவை வரும் இடத்தில் சொல்கிறேன். தையல் மிஷின் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

துண்டுத் துணி அலங்காரம் பல வீடுகளில் எடுபடாமல் போவதற்கு நான் பார்த்தவரை இரண்டு காரணங்கள்தான். துணி விறைப்பில்லாமல் துவண்டு தொங்கும். அல்லது கைக்குக் கிடைத்த எல்லா நிறமும் ஒரே கயிற்றில் ஏறியிருக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பக் கவனிப்போம்.

துணி எங்கே கிடைக்கும்

முதல் இடம் ஜாக்கெட் தைக்கும் கடை. ஆவணியில் முகூர்த்தங்கள் அதிகம் என்பதால் பட்டு, செமி சில்க், பருத்தி என்று எல்லா ரகத்திலும் வெட்டுத் துணி விழும். தீபாவளி வேலை தொடங்கிவிட்டால் கடைக்காரருக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது, அதற்கு முன்பே போங்கள். கையோடு ஒரு பை எடுத்துப் போய், "அக்கா, வெட்டுத் துணி இருந்தா பார்த்து எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அது கூட்டித் தள்ள வேண்டிய சுமைதான். மிஷினுக்கு அடியில் கிடக்கும் குவியலில் உடைந்த ஊசி, குண்டூசி, பிளேடுத் துண்டு எல்லாம் கலந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு துண்டாக உதறிவிட்டு எடுத்து வையுங்கள். இதைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

ஜாக்கெட் துணியில் விழும் துண்டுகளுக்கு ஒரு வசதி உண்டு. கழுத்து வெட்டும்போது விழுவது நாக்கு வடிவத்தில், ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். கைக்குழி வெட்டும்போது விழுவது ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் வளைவாகவும் இருக்கும். அந்த வளைவில் அட்டை இலையை வைத்துப் பார்த்தால் துணி அதிகம் வீணாகாமல் ஒரு மாவிலை வந்துவிடும். கைக்குக் கீழே மிஞ்சும் நீளப் பட்டைகள் சதுரம் வெட்டவும் தொம்பைக்கும் ஆகும். கடைக்காரர் சட்டையும் தைப்பவராக இருந்தால் காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ் துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். அது தங்கம்.

வீட்டில் தேடவேண்டியவை: நைந்த வேட்டியின் கரை, பழைய புடவையிலிருந்து பிரித்த ஃபால்ஸ், சின்னதாகிப்போன பட்டுப்பாவாடை, கிழிந்த டீ ஷர்ட். இவற்றில் வேட்டிக் கரையை நான் முதலிடத்தில் வைப்பேன். அது தறியிலேயே முடிந்த ஓரம், அதனால் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். தோரணம் கட்டுவதற்கு அதைவிட நல்ல பட்டை காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். ஒரு வேட்டியில் இரண்டு ஓரமும் ஆகும், படிகள் அதிகம் என்றால் இன்னொரு வேட்டியும் வேண்டியிருக்கும்.

பிரித்து வைப்பது

இந்த வேலைக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். பருத்தி, பட்டு, பாலியஸ்டர் வகை, பனியன் துணி என்று நாலு குவியல் போடுங்கள். தொட்டுப் பார்த்துத் தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகிவிடும். எதற்கு இவ்வளவு பாடு என்றால், இஸ்திரிப் பெட்டிச் சூட்டை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் பாலியஸ்டர் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். விளக்குக்குப் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

அடுத்தது சாயம். சிவப்பு, மெரூன், கரும்பச்சைத் துண்டுகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துண்டை உப்புத் தண்ணீரில் தனியாக அலசிக் காயவைத்து மறுபடியும் தேய்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விட்டால் வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். பட்டுத் துண்டை நனைக்க வேண்டாம், பழுதில்லாததைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்டு அடுக்குங்கள். கசங்கின துணியை அளந்து வெட்டினால் எந்த அளவும் சரியாக வராது.

நிறம்

மூன்று நிறம், அவற்றைச் சேர்க்க ஒரு வெள்ளை. அதற்கு மேல் போகாதீர்கள். கொலுவில் பொம்மைகளே நூறு நிறத்தில் இருக்கும், பின்னால் இருக்கும் அலங்காரம் அவற்றோடு போட்டி போடக்கூடாது. நான் சொல்வது சிவப்பு, மஞ்சள், பச்சை. கோயில் தேர்ச்சீலைகளைப் பார்த்தால் இந்த நிறங்களும் வெள்ளையும் கறுப்பும்தான் மாறி மாறி வரும், தூரத்திலிருந்து பார்த்தாலும் தனித்தனியாகத் தெரியும். உங்களிடம் நீலமும் ரோஜா நிறமும்தான் அதிகம் இருக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றோடு நிறுத்துங்கள்.

சிவப்பு என்றால் எல்லாத் துண்டும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. குங்குமச் சிவப்பு, அரக்கு, தக்காளிச் சிவப்பு எல்லாம் கலந்தால்தான் அழகு. பூப்போட்ட துணியும் வரட்டும், அதில் எந்த நிறம் மேலோங்கித் தெரிகிறதோ அந்தக் குவியலில் போடுங்கள். ஜாக்கெட் லைனிங் வெட்டும்போது விழும் வெள்ளைத் துண்டுகளை யாரும் சீண்டுவதில்லை. அதை விடாதீர்கள், மற்ற நிறங்களை எடுத்துக் காட்டுவதே அதுதான். தையல் நூல் எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சளாக இருக்கட்டும். வேறு வேறு துணியானாலும் ஒரே கை செய்த மாதிரி இருக்கும்.

விறைப்பு ஏற்றுவது

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஒட்டுக் கேன்வாஸ். அதன் ஒரு பக்கம் புள்ளி புள்ளியாகப் பசை மினுங்கும். அந்தப் பக்கத்தைத் துணியின் உள்பக்கத்தில் வைத்து, மேலே லேசாக ஈரமான கைக்குட்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் கேன்வாஸ் நகர்ந்து துணி சுருங்கும். வைத்து, பத்து எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறின பிறகு ஓரத்தை உரித்துப் பாருங்கள், வந்துவிட்டால் சூடு போதவில்லை. மாவிலைக்கு மெல்லிய கேன்வாஸ், தொம்பைக்குக் காலர் கேன்வாஸ்.

இரண்டாவது, ஜவ்வரிசிக் கஞ்சி. பருத்திக்கு மட்டும்தான் இது. இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி ஆறவையுங்கள். துணியை முக்கிப் பிழிந்து, சுருக்கம் இல்லாமல் எவர்சில்வர் தட்டில் பரப்பிக் காயவைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் மொரமொரப்பாக வந்துவிடும். செலவே இல்லை. ஆனால் கஞ்சித் துணியைப் பெட்டியில் போட்டு மூடினால் கரப்பானும் பூச்சியும் தேடி வரும். வருஷா வருஷம் எடுத்துவைக்கிற பொருளுக்குக் கேன்வாஸ்தான் என் தேர்வு.

சூடான பசைத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. துணி வேலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒட்டிய இடம் கட்டியாகத் துருத்தி நிற்கும், வெயில் படும் வாசலில் இளகிக் கழன்றுவிடும். ஃபெவிகால் மெல்லிய பட்டில் ஊறிக் கறையாகத் தெரியும். ஊசி நூல் போதும்.

முதல் வேலை: படி ஓரத்துக்கு முக்கோணத் தோரணம்

புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். மடிப்பிலேயே துணி நாலு அடுக்காகிவிடுவதால் கேன்வாஸும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம்.

அட்டையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் அச்சு. அதைத் துணியில் வைக்கும்போது சதுரத்தின் பக்கங்கள் துணியின் இழையோடு ஒத்துப்போக வேண்டும். இழை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாவிட்டால் துண்டின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை போகும் பக்கம் இழுத்தால் துணி விறைப்பாக நிற்கும், கிராஸாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். கிராஸில் வெட்டிய சதுரம் மடித்ததும் கோணிக்கொள்ளும்.

வெட்டின சதுரத்தை உள்பக்கம் உள்ளே போகும்படி மூலைக்கு மூலை மடித்து, இஸ்திரி போட்டு, அந்த முக்கோணத்தை மறுபடியும் பாதியாக மடித்து இன்னொரு முறை இஸ்திரி போடுங்கள். இப்போது 4 அங்குல அடியும் 2 அங்குல உயரமும் உள்ள சின்ன முக்கோணம் கையில் இருக்கும். வெட்டிய ஓரங்கள் எல்லாம் அந்த 4 அங்குல அடியில் சேர்ந்திருக்கும். மற்ற இரண்டு பக்கமும் வெறும் மடிப்பு, அதனால் நூல் பிரிவதற்கு இடமே இல்லை. ஒரு பக்கத்தில் வாய் மாதிரி ஒரு திறப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த முக்கோணத்தின் மூலையை அந்த வாய்க்குள் ஒரு அங்குலம் செருகுங்கள். இப்படியே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு போனால் சங்கிலி மாதிரி வரிசை வந்துவிடும், இடைவெளி தானாகவே சமமாக இருக்கும்.

கணக்கு எளிது. முதல் முக்கோணம் 4 அங்குலம், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் 3 அங்குலம். நாலடிப் படிக்கு 16 முக்கோணம் போட்டால் 49 அங்குலம் வரும். ஐந்து படி என்றால் 80 சதுரம். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் இஸ்திரி போட என்று உட்கார்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் கைவேலை இருக்கும். செருகுகிற வேலையை ஏழெட்டு வயதுக் குழந்தைகள் நம்மைவிட நேர்த்தியாகச் செய்வார்கள்.

வரிசை தயாரானதும் வேட்டிக் கரையை முக்கோணங்களின் அடியோரத்தின் மேல் அரை அங்குலம் படும்படி வைத்து, குண்டூசி குத்தி, ஒரே நீளத்துக்கு ஓட்டுத் தையல் போடுங்கள். கையால் தைத்தால் ஆறேழு தையலுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஊசியை ஒரு தையல் பின்னால் கொண்டுபோய்க் குத்தி ஒரு பின் தையல் போட்டுக்கொள்ளுங்கள், இழுத்தாலும் பிரியாது. நிற வரிசை சிவப்பு, வெள்ளை, மஞ்சள், வெள்ளை, பச்சை, வெள்ளை என்று போகட்டும்.

இதைப் படியில் எப்போது பொருத்துவது என்பது முக்கியம். படியில் வெள்ளை வேட்டியை விரித்த உடனே, பொம்மை ஏறுவதற்கு முன், படி விளிம்பில் அடிக்கு ஒரு ஊக்கு வீதம் உள்பக்கமாகக் குத்திவிடுங்கள். கலசம் வைத்து மரப்பாச்சி ஏறின பிறகு படியைத் தொட உங்களுக்கே மனசு வராது.

இதே வரிசையைப் பெரிதாக, 8 அங்குலச் சதுரத்தில் செய்தால் தெருவிழாவுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் கொடித்தோரணம் ஆகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் கொடிகளும் உண்டு. அந்த இடத்துக்குத் துணிக்கொடி நன்றாகவே பொருந்தும்.

இரண்டாவது: வாசலுக்கு மாவிலைத் தோரணம்

நிஜ மாவிலை ஒன்றைப் பறித்து அட்டையில் வைத்து வரையுங்கள். கற்பனையில் வரைந்தால் வெற்றிலைக்கும் அரசிலைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும். 6 அங்குல நீளம், நடுவில் ஏறக்குறைய 2 அங்குல அகலம் இருக்கும் இலை சரியான அளவு. வரைந்த கோட்டைச் சுற்றிலும் கால் அங்குலம் கூட்டி வெட்டுங்கள், அது தையலுக்கு. காம்புப் பக்கத்தை மட்டும் கூர்மையாக்காமல் ஒன்றரை அங்குல அகலத்துக்குத் தட்டையாக விடுங்கள். அந்த வழியாகத்தான் துணியைப் புரட்டப் போகிறோம், பிறகு அங்கே பூ வந்து மறைத்துவிடும்.

மூன்றடி வாசலுக்கு 11 இலை போதும். ஒவ்வொரு இலைக்கும் முன்பக்கத்துக்கு ஒரு பச்சைத் துண்டு, பின்பக்கத்துக்கு லைனிங் துண்டு. இனி வரிசையாக:

1. பச்சைத் துண்டின் உள்பக்கம் மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, அச்சை வைத்து வரைந்து வெட்டுங்கள். லைனிங்கையும் அதே அளவில் வெட்டுங்கள்.

2. நல்ல பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். காம்புப் பக்கம் திறந்தே இருக்கட்டும். கையால் தைத்தால் இங்கே ஓட்டுத் தையல் போதாது, நெருக்கமான பின் தையல் வேண்டும்.

3. இலை நுனியில் தையலுக்கு வெளியே இருக்கும் துணியைத் தையலை வெட்டாமல், முடிந்தவரை ஒட்டி வெட்டிவிடுங்கள். இலையின் அழகு இந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது. வெட்டாமல் புரட்டினால் நுனியில் துணி மொத்தமாகச் சுருண்டு இலை மழுங்கிப்போகும். பக்க வளைவுகளில் கத்தரி முனையால் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டு கொடுங்கள்.

4. காம்பு வழியாகப் புரட்டி எடுங்கள். நுனியைத் தள்ள மை தீர்ந்த பேனாவோ முனை மழுங்கிய குச்சியோ போதும். கத்தரிக்கோலை விட்டுக் குத்தினால் ஓட்டை விழும். பிறகு இஸ்திரி.

5. காம்பிலிருந்து நுனிக்கு மஞ்சள் நூலில் நடு நரம்பு ஒன்று தையுங்கள். பக்க நரம்பு போட ஆசையிருந்தால் போடலாம், தூரத்தில் தெரியப்போவது நடு நரம்புதான்.

வேட்டிக் கரையில் 48 அங்குலம் வெட்டி, இரண்டு முனையிலும் கட்டுவதற்கு 6 அங்குலம் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 36 அங்குலத்தில் மூன்றரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். முதல் புள்ளி ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி வரட்டும், 11 புள்ளியும் சரியாக அடங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு இலையின் காம்பைக் கரைக்குப் பின்னால் வைத்து இறுக்கித் தையுங்கள்.

இப்போது பூ. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒன்றரை அங்குல அகலம், 20 அங்குல நீளத்துக்குப் பட்டை வேண்டும். பிரித்தெடுத்த ஃபால்ஸ் துணி இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். அவ்வளவு நீளம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று துண்டை ஒட்டுப் போடுங்கள், சுருக்கத்தில் ஒட்டு தெரியாது. பட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து, வெட்டிய ஓரங்கள் சேரும் பக்கத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து 7 அங்குலம் ஆகும்வரை சுருக்குங்கள். ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். சுருட்டி முடிந்ததும் மேல்பக்கத்தை விரலால் விரித்துவிட்டால் சாமந்தி தயார். இலைக்கு ஒன்று வீதம் காம்பின் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். பூ எல்லாம் ஒரே நிறமாக இருந்தால்தான் தோரணம் கண்ணுக்குப் பிடிக்கும்.

வெயில் நேராக அடிக்கும் வாசலில் பட்டு சீக்கிரம் வெளுக்கும். அங்கே பருத்தி போடுங்கள், பட்டைப் பூஜை அறை வாசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சின்னத் தொம்பை

தேரின் மூலைகளிலும் கோயில் மண்டபத்திலும் உருளையாகத் தொங்குமே, அதுதான் தொம்பை. திருவாரூர் ஆழித்தேர் மாதிரிப் பெரிய தேர்களை அலங்கரித்து நிறுத்தும்போது சீலைகளோடு தொம்பைகளும் தொங்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இதைத் தைப்பவர்கள் துணியின் மேல் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டு வேலையில் யாளி, அன்னம், தாமரை எல்லாம் கொண்டுவந்துவிடுவார்கள். அது பல வருஷக் கைப்பழக்கம். நாம் செய்யப்போவது ஒரு சாண் நீளத்துக்கு வீட்டு அளவில். ஆனால் வேலை நடக்கும் முறை அதேதான்: துணியைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது, மேலே உருவம் வைத்துத் தைப்பது, கடைசியில் உருளையாக்குவது.

வளையத்துக்குப் பழைய வளையல் இரண்டு. கண்ணாடி வளையல் வேண்டாம். மேலே பிளாஸ்டிக் வளையல், கீழே கொஞ்சம் கனமான உலோக வளையல் என்று வைத்தால் தொம்பை அடியில் கனமாகி நேராகத் தொங்கும். வளையலைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, அதோடு ஒரு அங்குலம் கூட்டுங்கள். அதுதான் உங்கள் பட்டைகளின் நீளம்.

அந்த நீளத்தில் நாலு பட்டை வெட்டுங்கள். நடுவில் வரும் வெள்ளையும் மஞ்சளும் இரண்டரை அங்குல அகலம். மேலே வரும் சிவப்பும் கீழே வரும் பச்சையும் மூன்று அங்குலம், ஏனென்றால் அவை வளையலின் மேல் மடிய வேண்டும். கால் அங்குலம் விட்டு நான்கையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பின்பக்கம் தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு, நடுப்பகுதி முழுவதற்கும் காலர் கேன்வாஸை ஒட்டுங்கள். கேன்வாஸ் வளையல் மடிப்பு வரை போனால் மடிக்கவே முடியாது.

உருவங்களைத் துணி தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். உருளையாக்கிய பிறகு உள்ளே கை போகாது. முதன்முறைக்குத் தாமரை இதழ், டைமண்ட், வட்டம் இவை போதும். வெள்ளைப் பட்டையில் சிவப்பு இதழ், மஞ்சள் பட்டையில் பச்சை டைமண்ட் என்று எதிரெதிர் நிறமாக வையுங்கள். சின்னத் துண்டுகளுக்கும் உள்ளே கேன்வாஸ் ஒட்டிவிட்டு வெட்டினால் ஓரம் பிரியாது. சுற்றிலும் காஜா தையல் போட்டு முடியுங்கள், அதாவது ஓரத்தில் குத்தும் ஒவ்வொரு தையலிலும் நூலைச் சுழித்து அந்தச் சுழிக்குள் ஊசியை இழுக்க வேண்டும். பட்டைகள் சேரும் கோட்டின் மேல் ஜரிகை பார்டர் துணுக்கு ஏதாவது இருந்தால் வைத்துத் தையுங்கள்.

இப்போது நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி உருளையாக மடித்து, பட்டைகளின் கோடு கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அரை அங்குலம் விட்டுத் தைத்துப் புரட்டுங்கள். மேல் ஓரத்தை வளையலின் மேல் போர்த்தி, உள்பக்கமாக மடித்து, வெளியே தெரியாதபடி சின்னச் சின்னத் தையலாக எம்மிங் போடுங்கள். கீழ் வளையலுக்கும் அப்படியே.

அடியில் தொங்கும் குஞ்சத்துக்குப் பனியன் துணி. டீ ஷர்ட்டின் உடம்புப் பகுதியில் முக்கால் அங்குல அகலத்துக்குக் குறுக்குவாக்கில் பட்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுங்கள். ஓரம் தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாக மாறிவிடும். நூலும் பிரியாது. 5 அங்குலத் துண்டுகள் எட்டு வெட்டி, கீழ் வளையலின் உள்பக்கம் சம இடைவெளியில் தைத்து, முனையில் முடிச்சுப் போடுங்கள். பாசியோ சின்னச் சலங்கையோ இருந்தால் முடிச்சுக்கு முன் கோத்துவிடலாம்.

தொங்கவிட மேல் வளையலில் மூன்று இடத்தில் நூல் கட்டுங்கள். இரண்டு இடத்தில் கட்டினால் ஒரு பக்கமாகச் சாயும். மூன்று நூலையும் 6 அங்குல உயரத்தில் ஒன்றாகப் பிடித்து, தொம்பை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிச்சுப் போடுங்கள். இரண்டு தொம்பைக்கும் முடிச்சு ஒரே உயரத்தில் வரட்டும்.

விளக்கும் துணியும்

கொலுவுக்கு முன் குத்துவிளக்கு எரியும், மின்விசிறியும் சுற்றும். இரண்டும் இருக்கும் அறையில் தொங்கும் எந்தத் துணியும் விளக்குச் சுடரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். சுடருக்கு நேர் மேலே எதுவுமே தொங்கக்கூடாது. குஞ்சம் காற்றில் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று விசிறியைப் போட்டுப் பார்த்துவிட்டு விளக்கின் இடத்தை முடிவு செய்யுங்கள். விளக்குக்கு அருகில் இருக்கும் கீழ்ப்படியின் ஓரத்துக்குப் பருத்தி முக்கோணங்களை மட்டும் போடுங்கள். பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாவாடை கட்டிய குழந்தைகள் பாட்டுப் பாட வந்து உட்காரும் இடம் அது. சீரியல் விளக்கைத் தொம்பைக்கு உள்ளே விட ஆசையாக இருக்கும். எல்ஈடி என்றால் விடலாம், தொட்டால் சுடுகிற பழைய பல்பு என்றால் வேண்டாம்.

எடுத்து வைப்பது

விஜயதசமி அன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுவைக் கலைக்கும்போது தோரணங்களையும் கழற்றி உதறி, ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். கஞ்சி போட்டதை மட்டும் அலசிவிடுங்கள். தோரணத்தை மடித்தால் வருஷம் முழுவதும் அந்த மடிப்பு நிற்கும். செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் தோரணத்தைச் சுற்றி வையுங்கள். ஜரிகை உள்ளவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், கறுத்துவிடும். தொம்பைக்குள் பழந்துணியைத் திணித்தால் நசுங்காது. பெட்டிக்குள் வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ ஒரு சின்னத் துணியில் முடிந்து போடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கட்டைவிரல் அளவுத் துணுக்குகள் ஒரு பை நிறைய மிஞ்சும். அதைக் கொட்டிவிட வேண்டாம். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது மண்பொம்மைகளுக்கு இடையில் திணித்து வைத்தால் மூக்கும் கையும் உடையாமல் அடுத்த புரட்டாசிக்கு வந்து சேரும்.